தென்காசி பஸ் போகும் வழி

வியாழக்கிழமை இரவு, தென்காசி

தென்காசியில் இருந்து திருவனந்தபுரத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறியிருப்போம் என்று இன்று மதியம் அக்காவும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். பழைய ஃபைலில் எல்லாத் தேதியும் இருக்கிறது. இரண்டரை வருடத்தில் 71 தடவை. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு, அப்புறம் மெடிக்கல் காலேஜ். எந்த வளைவில் பாப்பாவுக்கு வாந்தி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தச் சாலையை நாளை தொடங்கி நான்கு நாளில் ஓடிக் கடக்கப் போகிறேன். மொத்தம் 107 கிலோமீட்டர். கடைசி நாள் திங்கட்கிழமை, முழு மாரத்தான்.

பாப்பா என் அக்கா மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுவாள். வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்றோம். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் டானிக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது, எங்கும் இடித்துக்கொள்ளாத பிள்ளையின் தொடையிலும் முதுகிலும் நீலத் திட்டுகள் இருப்பதை அக்கா பார்த்தாள். அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனை. சின்ன லேபில்கூட எடுக்கிற, ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சி.பி.சி.தான். முதல் வாரமே எடுத்திருக்கலாம். நான் எழுதப் போவதில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். போகாத காய்ச்சல், வெளுப்பு, காரணமில்லாத நீலத் திட்டு, எலும்பு வலி, இவை ஒரு பிள்ளைக்குச் சேர்ந்து வந்தால் அந்தப் பரிசோதனையைக் கேட்டு எடுங்கள்.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயில் இந்த ஏ.எல்.எல். வகைதான் அதிகம் என்றும், நல்ல மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். 1981-இல் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அது. அங்கே வராந்தாவில் நின்று பார்த்தால் கன்னியாகுமரித் தமிழும் நெல்லைத் தமிழும் மலையாளத்துக்குச் சமமாகக் கேட்கும்.

'முழுதாக முடித்தால்' என்றார் பாருங்கள், சிரமம் எல்லாம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. முதல் சில மாதம் கடுமையான கீமோ. அப்புறம் மெயின்டனன்ஸ் என்று சொல்லும் மாத்திரைக் காலம், அது மட்டும் வருடக் கணக்கில். முடி முளைத்துவிடும், பிள்ளை விளையாடும், பார்த்தால் நோயாளி மாதிரியே இருக்காது. அந்த நேரத்தில்தான் பல குடும்பங்கள் பஸ் ஏறுவதை நிறுத்துகின்றன. மருந்துக்கு எப்படியோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. பஸ் கட்டணம், அறை வாடகை, அப்பாவின் போன கூலி, வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையின் சாப்பாடு, இதற்கெல்லாம் யாரும் ரசீது தருவதில்லை. பாப்பாவின் அப்பாவுக்கு லோடு வண்டி வேலை. கையில் இருந்த கம்மலும் போய், வண்டியும் போன பிறகு, ஒரு தவணை மட்டும் விட்டால் என்ன என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு வந்தது. விடவில்லை. ஆனால் பேச்சு வந்தது.

கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்தவர், 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடினார். தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான். நாட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் கேட்டார். நான் கேட்பது அதைவிடச் சின்னது. 107 கிலோமீட்டரையும் விலைக்குப் போட்டிருக்கிறேன். ஒரு கிலோமீட்டரின் விலை, ஒரு பிள்ளையும் அம்மாவும் ஒரு தடவை போய்வரும் செலவு. பணம் மூன்று பேர் பெயரில் உள்ள கூட்டுக் கணக்கில் இருக்கிறது: நான், பாப்பாவின் டீச்சர், ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர். நான் அச்சகத்தில் வேலை பார்ப்பதால் ரசீதுப் புத்தகத்தை நானே அடித்துவிட்டேன். இன்று இரவு வரை 94 கிலோமீட்டர் விற்றிருக்கிறது. சிலர் நம்பர் கேட்டு வாங்கினார்கள், தியேட்டரில் சீட் கேட்பது போல.

தூக்கம் வரவில்லை. காலையில் நாலரைக்கு கோபுர வாசல்.

வெள்ளிக்கிழமை, ஆரியங்காவு

தென்காசி கோபுர வாசலில் எந்த நேரமும் காற்று இருக்கும். இன்றைக்கும் இருந்தது, மேற்கில் இருந்து முகத்தில் அடிக்கிற காற்று. அக்கா திருநீறு பூசிவிட்டாள். பாப்பா எழுந்திருக்கவில்லை; திங்கட்கிழமை அங்கே பார்ப்போம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வருடாந்திர செக்கப். கூட்டாளி ஒருவன் எக்ஸ்.எல். வண்டியில் தண்ணீர்க் கேனும் கோவில்பட்டி கடலை மிட்டாய் டப்பாவும் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். மெக்கானிக் அவன். நான்கு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான்.

பிரானூர் வரை இருட்டு. மரம் அறுக்கும் மில்களின் ஈர மரத்தூள் வாசனை, அதோடு முந்தின இரவு பரோட்டாக் கடைகளின் எண்ணெய் வாசனை. பாப்பாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்த நான்கு வாரமும் அசுரப் பசி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பார்டர் பரோட்டா வேண்டும் என்று அழுவாள். வெளிச் சாப்பாடே கூடாது என்ற காலம் அது. அக்கா அந்த ராத்திரியில் மாவு பிசைந்து வீட்டில் போட்டுக் கொடுப்பாள். பிரானூரைத் தாண்டும்போது எனக்கு அந்த மாவு தட்டும் சத்தம்தான் நினைவில் இருந்தது.

செங்கோட்டையில் விடிந்தது. இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. எங்கள் தாத்தா காலத்தில் பெரிய காரியம் எதற்கும் திருவனந்தபுரம்தான் போவார்களாம். எல்லைக் கோடு மாறியது. உடம்புக்கு முடியாமல் போனால் போகிற திசை மட்டும் மாறவில்லை.

புளியரையில் டீ. கேரளத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டியைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கு வைக்கோல் பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஒரு டிரைவர் அண்ணன் என் பனியனில் இருந்ததைப் படித்துவிட்டு, "ஒரு கிலோமீட்டர் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "எஸ் வளைவு எனக்கு. அதுல எத்தன நாள் மாட்டிக் கெடந்துருக்கேன்" என்றார். ரசீதில் 'எஸ் வளைவு' என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஏற்றம் அங்கே இருந்துதான். ஏற்றத்தில் ஓடுவது வேறு மாதிரி. குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் ஏற வேண்டும், அடியைச் சின்னதாக வைக்க வேண்டும், மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் நடந்துவிட வேண்டும். குற்றாலச் சாலையில் இரண்டு வருடம் பழகியிருக்கிறேன். ஆனாலும் பின்னால் முக்கி முனகி வரும் லாரிக்கு வழி விட்டுக்கொண்டே ஏறியது இல்லை. இடது பக்கம் பள்ளம், அடியில் செங்கோட்டை வயல்கள் பச்சைத் துணி விரித்தது போல.

எஸ் வளைவு வந்ததும் நின்றேன். பாப்பாவுக்கு வாந்தி வருவது இங்கேதான். அக்கா மடியில் பிளாஸ்டிக் கவரும், மூக்கில் பிடிக்க ஒரு எலுமிச்சம்பழமும் தயாராக இருக்கும். கேரள அரசு பஸ் ஒன்று, ஆனவண்டி என்பார்களே அதுதான், என்னைத் தாண்டி ஏறியது. மூன்றாவது ஜன்னலில் முகமூடி போட்ட ஒரு சின்னப் பையன், தலையில் குல்லாய். எந்த ஊர்ப் பிள்ளையோ. கை காட்டினேன். அவனும் காட்டினான்.

கோட்டைவாசல் தாண்டினால் காற்றே மாறிவிடுகிறது. ஈரம், நிழல், ரப்பர். 23 கிலோமீட்டர், ஒன்பது மணிக்கு முன்பே ஆரியங்காவு. கோயில் சாலையைவிடத் தாழ்வில் இருக்கிறது, படி இறங்கித்தான் போக வேண்டும். இங்கே ஐயப்பன் மாப்பிள்ளைக் கோலம். மார்கழியில் மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டார் முறையில் வந்து கல்யாணம் நடத்துவார்கள். இப்போது மாசி, கூட்டம் இல்லை. படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

இன்று விற்றது 11. ஆக மொத்தம் 105.

சனிக்கிழமை, குளத்துப்புழை

இறக்கம் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முழுதும் தொடையில் வந்து இறங்குகிறது. தென்மலை வருவதற்குள் தொடை கல்லாகிவிட்டது. இடது கால் பெருவிரல் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிவிட்டது.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கிறது. 1904-இல் ஓடத் தொடங்கிய கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதைக்காகக் கட்டிய கல் பாலம். அகலப் பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி ரயில் விட்டார்கள். பாப்பாவுக்கு இந்தப் பாலம் வந்தால் பாதி வழி வந்த மாதிரி. வளைவுகளை விரல் விட்டு எண்ணுவாள். முகமெல்லாம் ஊதி, கண் பாதி மூடிக் கிடந்த நாளிலும் பதிமூன்று எண்ணினாள். நான் இன்று எண்ணிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

தென்மலையில் புனலூர்ச் சாலையை விட்டு தெற்கே திரும்ப வேண்டும். அங்கே ஒரு தட்டுக்கடையில் உப்புப் போட்ட நாரங்கா வெள்ளம், நம் எலுமிச்சை ஜூஸ்தான், இரண்டு கிளாஸ். கடைச் சேட்டன் என் காலைப் பார்த்துவிட்டு ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஓட்டக்காரனுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது: சம்பாரம், பழம்பொரி, கஞ்சியும் பயறும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு ஓடினால் உடம்பின் உப்பு நீர்த்துப் போய் மயக்கம் வரும். உப்பும் சேர்ந்து போக வேண்டும்.

இன்றைக்குத் தங்கல், ரப்பர்த் தோட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு. 1964-இல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்தில் இருந்து வந்தவர்களுக்காக, 1970களில் அரசு இங்கே ரப்பர்த் தோட்டம் போட்டுக் குடியமர்த்தியது. அவர்களில் ஒரு அம்மாவை எங்களுக்கு வார்டில் பழக்கம். பேரனுக்கு இதே நோய், இப்போது நன்றாக இருக்கிறான். மலையாளம் அச்சு அசலாகப் பேசுவார். எங்களிடம் மட்டும் பதுளைத் தமிழ். நான் வாசலில் உட்கார்ந்ததும், "மொதல்ல தேத்தண்ணி குடிங்க தம்பி, பொறகு பேசலாம்" என்றார்.

லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீடுகளை அப்படிச் சொல்வார்கள், சிமெண்ட் தொட்டியில், இளஞ்சிவப்பில் பூத்துக் கிடந்தது நித்தியகல்யாணி. அம்மா அதைப் பட்டிப்பூ என்கிறார். எங்கள் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம், புதைத்த இடங்களில் தானாக மண்டிக் கிடப்பதால். மலையாளத்திலும் சவக்கோட்டப் பச்சை என்று ஒரு பெயர் உண்டு. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தில் இதைப் பயிர் செய்து இலையும் வேரும் மூட்டை கட்டி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று அப்போது தெரியாது. பாப்பாவுக்கு ஏற்றிய வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து இந்த இலையில் இருந்துதான் வருகிறது. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். 1960களில் அது மருந்தாக வருவதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளில் பிழைத்தவர்கள் அபூர்வம்.

அந்த மருந்துக்கு இன்னொரு முகம் உண்டு. நரம்பைப் பிடிக்கும். பாப்பாவுக்கு இரண்டாவது மாதத்தில் முன்பாதம் தூக்க வராமல் போனது. நடந்தால் விரல் தரையில் இழுபடும், செருப்பு மட்டும் இரண்டு அடி பின்னால் கிடக்கும். "மாமா, என் செருப்பு வரமாட்டேங்குது" என்பாள். செருப்பின் மேல் கோபம் அவளுக்கு. அக்கா பழைய பாவாடையில் இருந்து எலாஸ்டிக்கை உருவி, செருப்பின் பின்பக்கம் வைத்துத் தைத்தாள். இரண்டு செருப்பிலும், இரட்டைத் தையல். ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் செருப்புத்தான். அந்த நாட்களில்தான் நான் ஓட ஆரம்பித்தேன். ஒரு காரணமும் சொல்லத் தெரியாது. அவள் பாதத்தை எண்ணெய் போட்டு நீவி, டாக்டர் சொன்னபடி மேலும் கீழும் அசைத்துவிட்டு வெளியே வந்தால், என் கால்களை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

சாயங்காலம் பேரன் என்னைக் கோயில் கடவுக்குக் கூட்டிப் போனான். குளத்துப்புழையில் ஐயப்பன் பாலகன். கல்லடை ஆற்றில் இங்கே மீன் பிடிக்க மாட்டார்கள். மீனுக்குப் பொரி போடுவதுதான் வேண்டுதல். கணுக்கால் தண்ணீரில் நின்றால் மீன்கள் வந்து காலை மொய்க்கின்றன. ரத்தம் கட்டிய விரலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. பேரன் பொரியை ஒவ்வொன்றாகப் போட்டான், பாக்கெட் தீர்ந்துவிடக் கூடாது என்பதுபோல.

கிலோமீட்டர்கள் மதியமே தீர்ந்துவிட்டன. ஒரே கிலோமீட்டரை இரண்டு பேர் வாங்கினால் என்ன என்று போஸ்ட் மாஸ்டர் ஐயா போனில் கேட்டார். சாலை எல்லோருக்கும் பொதுதானே, கொடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, மடத்தறைக்கும் பாலோட்டுக்கும் நடுவே

இன்று 18 கிலோமீட்டர்தான். நகத்தைச் சூடு காட்டிய ஊசியால் குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, துணி சுற்றி, ஷூவின் முனையில் பிளேடால் ஒரு வாய் வெட்டிவிட்டான் கூட்டாளி.

63-வது கிலோமீட்டரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை வாங்கியவர் ஒரு டீச்சர், ஊர் வேண்டாம். அவர் மகனுக்கும் இதே நோய். ஒன்பது வயது. சிகிச்சை முடிந்த பிறகு திரும்பி வந்துவிட்டது. பணம் அனுப்பியபோது ஒரு வரி எழுதியிருந்தார். "63-ஐ மட்டும் ஓடாமல் நடந்து போக முடியுமா? அவனுக்கு வேகமாகப் போனால் பிடிக்காது, எல்லாவற்றையும் நின்று பார்ப்பான்."

நடந்தேன். கூட்டாளி வண்டியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தான். சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர். மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்க, பால் சொட்டுவது தெரிந்தது. ஒரு சிரட்டையின் விளிம்பில் எறும்பு வரிசை. மதில் மேல் ஈரச் சட்டை ஒன்று காய்ந்தது. ஒரு மலையணில் தலைகீழாக இறங்கி எங்களைப் பார்த்துவிட்டு மேலே போனது. எல்லாவற்றையும் நின்று பார்த்தேன். சாதாரணமாக ஏழு நிமிடத்தில் ஓடிவிடும் தூரத்துக்கு 25 நிமிடம் ஆனது. ஒவ்வொன்றையும் அப்படியே டீச்சருக்கு எழுதி அனுப்பினேன், சட்டையின் நிறம் உட்பட. பதில் வரவில்லை. இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.

மதியம் ஒரு தோட்டத்து மதில் ஓரம் சாக்பீஸால் கோடு போட்டோம். இங்கே இருந்து மெடிக்கல் காலேஜ் வாசலுக்கு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். கூட்டாளி போன வாரமே வண்டியில் அளந்து வைத்த கணக்கு. அந்த 195 மீட்டர் எதற்கு என்று கேட்டான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் ஓட்டத்தைத் தொடங்கி, அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் முடித்ததில் வந்த தூரம். 1921-இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ராணிக்காகக் கூட்டின தூரம் என்றால் நாம் பாப்பாவுக்காக ஓடிவிடலாம் என்றான்.

ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டில் மாத்திரை நாளாக இருந்தது. தினமும் இரவு போடும் மாத்திரை ஒன்று, வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்ஸேட். காலண்டரில் அக்கா ஞாயிறுகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாள், ஒன்றுகூட விட்டதில்லை. அந்த வகை மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1948-இல் அமெரிக்காவில் இறந்தார். பாப்பாவின் நோட்டில் அவர் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாராவது விஞ்ஞானி பெயர் கேட்டால் அவள் சொல்லும் முதல் பெயர் அதுதான்.

காலையில் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். வெயிலுக்கு முன்னால் நகரத்தைத் தொட்டுவிட வேண்டும். படுக்கிறேன்.

திங்கட்கிழமை, திருவனந்தபுரம்

எக்ஸ்.எல். வண்டியின் விளக்கு எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் வட்டம் போட்டது. அதைப் பிடிக்கப் போவது போல ஓடினேன். தவளைச் சத்தம், எங்கோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு, நாய்கள் இரண்டு துரத்திவிட்டு அலுத்து நின்றன. பாலோடு தூங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில்தான் 1979-இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. காணிக்காரப் பழங்குடி மக்கள் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப் பச்சை என்ற மூலிகையில் இருந்து மருந்து செய்து, வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். பகலாக இருந்தால் உள்ளே போய் நித்தியகல்யாணி எந்தப் பாத்தியில் என்று கேட்டிருப்பேன்.

நெடுமங்காடு வரை நன்றாகப் போனேன். 24 கிலோமீட்டர், கால் தன் பாட்டுக்கு ஓடியது. சந்தைக்குக் குலை குலையாக வாழைத்தார் இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்த கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்து ஹாரன், விட்டு விட்டு மூன்று தடவை. தென்காசி பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஓடு சேட்டா, ஓடு!" என்று கத்தினார். முகமூடிகள், குல்லாய்கள், தூக்குவாளிகள், மடியில் ஃபைல். ஜன்னலுக்கு ஜன்னல் கைகள். பின்னால் இருந்து இரண்டாவது ஜன்னலில் அக்கா, அவளைத் தள்ளிக்கொண்டு பாப்பா பாதி உடம்பை வெளியே நீட்டி ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு ரோடு காலியாக இருந்தது.

முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்துவிடும் என்று படித்திருக்கிறேன், பயிற்சியில் கொஞ்சம் பார்த்தும் இருக்கிறேன். இது அப்படி இல்லை. கரகுளம் தாண்டி, யாரோ இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே கழற்றிக்கொண்டது போல இருந்தது. கடலை மிட்டாயைக் கடிக்கத் தாடைக்குத் தெம்பில்லை. விரல் துடித்தது. வழயிலை ஏற்றத்தில் என் இடது பாதம் தரையில் இழுபடும் சத்தம் எனக்கே கேட்டது. சர், சர் என்று. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தபோது ஒரு வருடம் கேட்ட சத்தம். நின்று மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூட்டாளி வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, தொடையை நீவிவிட்டான், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸை வாயில் ஊற்றினான். "போதும்னா போதும்டே" என்றான். போதாது என்றேன்.

பேரூர்க்கடைக்கு அப்புறம் நகரம். ஸ்கூட்டர்கள், பள்ளிக்கூட வேன்கள், வெயில். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. சிக்னலில் நின்றால் காலைத் திரும்ப எடுக்க முடியாது என்று நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தேன். கேசவதாசபுரம், உள்ளூர், அப்புறம் அந்த மருந்துக் கடைகளும் பழக் கடைகளும் லாட்ஜ் போர்டுகளும். 71 தடவை இந்தத் தெருவில் இறங்கி, எந்த லாட்ஜில் வாடகை குறைவு என்று அலைந்திருக்கிறோம்.

வாசலில் அக்கா நின்றாள். பாப்பா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். ரப்பர் செருப்பு, நீல வார், கடையில் தொங்குகிற சாதாரணச் செருப்பு, பின்னால் எலாஸ்டிக் இல்லை. கடைசி நூறு மீட்டர் அவளும் கூடவே ஓடினாள். கையைப் பிடி என்றேன். "பிடிச்சா நீங்க மெதுவா வருவீங்க மாமா" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள். நான் அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு போனேன். செருப்பு அவள் காலோடு போய்க்கொண்டிருந்தது. 8 மணி 52 நிமிடம்.

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தூணில் சாய்ந்து நின்றேன். எஸ் வளைவில் பார்த்த அந்தக் குல்லாய்ப் பையன் அவன் அம்மாவோடு வரிசையில் இருந்தான். கடையநல்லூராம். வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கு ரத்த அணு கவுண்ட் ஏறாததால் கீமோ தள்ளிப் போய், இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அறையை இன்று காலி செய்வதாக இருந்ததாம். பாப்பாவின் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, ஏழு நாள் வாடகையை லாட்ஜுக்கே நேராக அனுப்பினார். முதல் செலவு அது. ரசீதில் அந்தத் தாய் கையெழுத்துப் போட்டபோது, எந்தக் கிலோமீட்டர் என்று எழுத வேண்டும் என்று கேட்டார் டீச்சர். எஸ் வளைவு என்று எழுதச் சொன்னேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 107 கிலோமீட்டரும் இரண்டு சுற்று விற்று, மூன்றாவது சுற்றில் 38 வரை வந்திருக்கிறது. ஆக 252 போய்வரவு. எங்கள் கணக்கில் வகுத்தால் பாப்பா மாதிரி மூன்று பிள்ளைகள், முதல் பஸ்ஸில் இருந்து கடைசி பஸ் வரை, கொஞ்சம் மீதியும் இருக்கிறது. நான்காவது பிள்ளைக்கு இன்னும் 32 வேண்டும். புத்தகத்தில் ரசீது இருக்கிறது.

மதியம் மூன்று மணிக்குப் பாப்பாவின் ரிசல்ட் வந்தது. கவுண்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்த வருடம் வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். என் விரலையும் பார்த்தார். நகம் விழும், புதிது முளைக்க மாதக் கணக்கில் ஆகும் என்றார். சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் சீட் பாப்பாவுக்கு. பதிமூன்று கண் பாலம் இருட்டிய பிறகுதான் வரும், எண்ண முடியாது என்று இப்போதே சிணுங்குகிறாள்.